நல்லா விழுந்திருக்கு

'புகைப்படம்' என்று வாய்விட்டுச் சொல்கிற ஆளை நான் இதுவரை சந்தித்ததில்லை. விண்ணப்பப் படிவத்தின் வலது மேல் மூலையில், ஒரு கட்டத்துக்குள், 'புகைப்படம் ஒட்டவும்' என்று அந்தச் சொல் குடியிருக்கிறது. செய்தித்தாளில் வரும். பாடப்புத்தகத்தில் வரும். அதைப் பாடமாக நடத்துகிற தமிழ் ஐயாவே மணி அடித்து வெளியே வந்ததும், "குரூப் போட்டோ என்னைக்குப்பா?" என்றுதான் கேட்பார். நிழற்படம் இருக்கிறது, ஒளிப்படம் இருக்கிறது. இரண்டும் லட்சணமான சொற்கள். மூன்றும் சேர்ந்து தள்ளியும் போட்டோ ஓர் அங்குலம் நகரவில்லை.

எனக்கு இதில் வருத்தம் கிடையாது. 1839-ல் ஜான் ஹெர்ஷல் என்கிற ஆங்கிலேய வானியல் அறிஞர் கிரேக்கத்திலிருந்து இரண்டு சொல்லை எடுத்து ஒட்டி 'போட்டோகிராபி' என்று பேர் சொன்னார். அது கோவில்பட்டி வந்து சேர்வதற்குள் வழியிலேயே வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு 'போட்டோ' ஆகிவிட்டது. பேர்தான் இரவல். அதைச் சுற்றி வேலை பார்க்கிற வினைச்சொல் அத்தனையும் நம் சரக்கு. போட்டோ நமக்கு வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி: பேரும் பூர்வீகமும் வெளியூர், எழுந்திரிப்பது, உட்காருவது எல்லாம் மாமியார் வீட்டு வழக்கப்படி.

ஆச்சி காலத்தில் போட்டோவை எடுக்க மாட்டார்கள், பிடிப்பார்கள். "போட்டோ பிடிக்க ஆள் வந்திருக்கு" என்று தெருவில் குரல் கேட்கும். கள்ளனைப் பிடிப்பதற்கும் அதே சொல்தான். இங்கிலீஷ்காரன் இன்னும் ஒரு படி மேலே போய்ப் போட்டோவைச் சுடுகிறான். 'ஸ்னாப்ஷாட்' என்பதே வேட்டைக்காரன் பாஷை. நிதானமாகக் குறி பார்க்காமல் சட்டென்று சுடுவதற்குப் பேர். அதைக் கேமராவுக்குக் கொண்டுவந்தவரும் நம் ஹெர்ஷல்தான், 1860-ல். நாம் அவ்வளவு தூரம் போகவில்லை. உயிரோடு பிடித்தால் போதும் என்று விட்டுவிட்டோம்.

பிடிக்க வருகிறார்கள் என்றால் ஓடத்தானே தோன்றும்? ஆச்சி அடுக்களைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்வாள். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்பது அவள் கட்சி. அவளைச் சமாதானப்படுத்தி வெளியே கொண்டுவந்தால் அடுத்த சட்டம் காத்திருக்கும்: மூன்று பேராக நிற்கக் கூடாது. அப்பா, அம்மா, கைக்குழந்தை என்று நின்றாலும் கணக்கு மூன்றுதான். உடனே நாலாவது ஆளைத் தேடி வாசலுக்கு ஓடுவார்கள். எங்கள் வீட்டு ஆல்பத்தில் இப்படிக் கணக்குக்கு நின்றவர்கள் நிறையப் பேர் உண்டு. ஒருத்தர் பால்காரர். கையில் அளவுப் படியோடு, எங்கள் குடும்பத்தில் மூத்த பிள்ளை என்கிற தோரணையில் நிற்கிறார். இன்னொருத்தர் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லோரையும்விட அவர்தான் சந்தோஷமாக இருக்கிறார்.

'பிடி' போய் 'எடு' வந்தது பிறகு. பாம்பு படம் எடுக்கிறது, கோடம்பாக்கத்தில் படம் எடுக்கிறார்கள், எங்கள் சித்தப்பாவும் படம் எடுப்பார். மூன்றில் ஆளைத் தப்பிக்க விடுவது பாம்பு மட்டும்தான்.

சித்தப்பாவிடம் இருந்தது ஆக்பா கிளிக் த்ரீ. ஒரு பிலிம் ரோலில் 12 படம். வெயில் இருந்தால்தான் வேலை நடக்கும். ஆகவே வம்சம் முழுவதையும் உச்சிப் பொழுதில் மொட்டை மாடிக்கு ஏற்றி, சூரியனைப் பார்த்து நிற்க வைத்து, "கண்ணை நல்லாத் திறங்க, சிரிங்க, அசையாதீங்க" என்பார். இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத்தான் மனுஷனால் செய்ய முடியும். நாங்கள் சிரித்தோம். கண் தானாக மூடிக்கொண்டது. படம் வந்த பிறகு சித்தப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வார்: "எல்லாருக்கும் கண்ணு மூடி விழுந்துட்டு."

தமிழில் எனக்கு மிகவும் பிடித்த வினை இந்த 'விழு'தான். போட்டோவில் நாம் நிற்பதும் இல்லை, உட்காருவதும் இல்லை, விழுகிறோம். "நீ நல்லா விழுந்திருக்க." "மதினி பாதிதான் விழுந்திருக்கா." "மாமாவுக்கு வாய் கோணி விழுந்துட்டு." இதிலுள்ள சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். வெயிலில் நிற்க வைத்தது யார், மதினியைப் பாதியில் வெட்டியது யார் என்ற கேள்விக்கே இடம் இல்லை. எடுத்தவர் தப்பித்தார். விழுந்தவர் விதி. எங்கள் அத்தை ஜாதக பலனைச் சொல்வது போலவே சொல்வாள்: "எனக்குப் போட்டோ விழாதுல. சின்ன வயசுல இருந்தே விழாது."

அசையாமல் இருப்பவருக்கே போட்டோ நன்றாக விழும் என்பதற்கு நம்மூரில் பழைய சாட்சி உண்டு. லின்னேயஸ் டிரைப் என்கிற ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசாங்கத்தின் போட்டோகிராபராக 1858-ல் ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று பெரிய பெட்டிக் கேமராவோடு சுற்றினார். அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் ஒரு படம் பதிய நேரம் பிடிக்கும். நடுவில் அசைந்தவர் கலங்கிப் போவார், நடந்து போனவர் காணாமலே போய்விடுவார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடுகிற கல்வெட்டுகளை 21 படங்களாகப் பிடித்து, வரிசையாக ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார் அவர். எழுத்துக்கு எழுத்து தெளிவாக இருக்கிறது. சோழர் காலத்துக் கல். கண் சிமிட்டவில்லை, "ஒரு நிமிஷம், முந்தானையைச் சரி பண்ணிக்கிடுதேன்" என்று சொல்லவில்லை. நல்லா விழுந்திருக்கு.

அரசாங்கம் நம்மை விழ வைத்த கதை தனி. 1993-ல் டி.என்.சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது போட்டோ போட்ட வாக்காளர் அட்டைக்கு உத்தரவு வந்தது. பள்ளிக்கூடத்து பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு நொடி. அட்டை கைக்கு வந்ததும் அது யாருடையது என்று கண்டுபிடிக்கப் பேரைத்தான் படிக்க வேண்டியிருந்தது. அடுத்த தேர்தலில் எங்கள் பெரியப்பா சாவடிக்குப் போனார். ஏஜெண்டாக உட்கார்ந்திருந்த பையன் அட்டையையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதுல இருக்கது நீங்கதானா, தாத்தா?" என்றான். பெரியப்பா அட்டையை வாங்கி ஒரு தடவை தாமும் பார்த்தார். "அவன் வரலப்பா. அவனுக்குப் பதிலா நான் வந்திருக்கேன்" என்றார். ஓட்டுப் போட விட்டார்கள்.

ஆள் மாறி விழுவதும் உண்டு. 2017-ல் தமிழ்நாட்டில் ரேஷன் அட்டை ஸ்மார்ட் கார்டாக மாறியபோது, சேலம் மாவட்டம் ஓமலூர்ப் பக்கம் ஒரு பெண்மணிக்கு வந்த அட்டையில் நடிகை காஜல் அகர்வாலின் போட்டோ அச்சாகியிருந்தது. நாடே சிரித்தது. எனக்கென்னவோ அதில் குறை சொல்ல ஒன்றும் தெரியவில்லை. அரசாங்க அட்டையில் ஒரு முகம் அவ்வளவு லட்சணமாக விழுந்து நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

விழுந்தது எப்படி விழுந்திருக்கிறது என்று தெரிய, கழுவ வேண்டும். இந்த வினை இப்போது செத்துக்கொண்டிருக்கிறது. 36 படம் போகிற கலர் ரோல் வந்த பிறகு வீடுகளில் ஒரு பெரிய பஞ்சாயத்து உண்டாயிற்று: ரோல் தீராமல் கழுவக் கூடாது. தீபாவளிக்குப் போட்ட ரோல் பொங்கல்வரை கேமராவுக்குள்ளேயே கிடக்கும். ஒரே ஆல்பத்தில் சீர் வரிசைத் தட்டும், சித்தி மகன் காதுகுத்தும், அடுத்த பக்கத்தில் வாசலில் நிற்கிற அம்பாசிடர் காரும் இருக்கும். கடைசி மூன்று படம் கட்டாயம் பூனை, தென்னை மரம், வீட்டு முகப்பு. ரசனையால் எடுத்தவை அல்ல. ரோலைத் தீர்க்க எடுத்தவை. எங்கள் வீட்டுப் பூனைக்கு இருக்கிற அளவு போட்டோ என் தம்பிக்குக் கிடையாது.

கறுப்பு வெள்ளைப் போட்டோ கழுவுவதை ஒரு தடவை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஸ்டூடியோக்கார அண்ணாச்சி இருட்டறைக்குள் சிவப்பு பல்பு வெளிச்சத்தில் வெறும் வெள்ளைத் தாளை ட்ரேயில் போட்டு, ஒரு ஓரத்தைப் பிடித்து லேசாக ஆட்டிக்கொண்டே இருந்தார். முதலில் மீசை வந்தது. வெறும் மீசை மட்டும், தாளுக்கு நடுவில். அப்புறம் தலைமுடி, புருவம், கண்ணாடியின் விளிம்பு. மூக்கும் கன்னமும் ரொம்ப யோசித்துக் கடைசியில் வந்தன. "யாருன்னு தெரியுதா?" என்றார். மீசை வந்தபோதே தெரிந்துவிட்டது, போஸ்ட் மாஸ்டர். எங்கள் ஊரில் அந்த மீசை முன்னால் வரும், அவர் பின்னால் வருவார்.

அதே அண்ணாச்சியிடம் இன்னொரு வித்தை இருந்தது. நெகட்டிவைச் சாய்வுப் பலகையில் வைத்து, பின்னால் வெளிச்சம் விட்டு, ஊசி முனை வருகிற மட்டும் சீவிய பென்சிலால் அதில் பொடிப்பொடியாகப் புள்ளி வைப்பார். அச்சுப் போடும்போது பருவும் தழும்பும் இருந்த இடம் வெளுத்துச் சமமாகிவிடும். டச்சப் என்று பேர். வரன் பார்க்கப் போகிற போட்டோவுக்கு அது கட்டாயம். ஜாதகத்தோடு அந்தப் போட்டோ விருதுநகர், சாத்தூர், சங்கரன்கோவில் என்று ஊர் ஊராகப் போய், நாலைந்து வீட்டுத் தேங்காய் எண்ணெய்க் கைரேகையோடு திரும்பி வரும். பெண் அந்த ஊர்களை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டாள். போட்டோவைத் திருப்பி அனுப்பாத வீட்டாரைப் பற்றி எங்கள் அம்மா இப்போதும் நல்ல வார்த்தை சொல்வதில்லை. பெண் வேண்டாம் என்றார்களே என்பதல்ல, "காப்பி அஞ்சு ரூவா" என்பதுதான் விஷயம்.

இப்போது கழுவுவதும் இல்லை, டச்சப்பும் இல்லை. போனில் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது, யாரும் பார்ப்பதில்லை. "போட்டோ எடுத்து அனுப்பு" என்றால் மருந்துச் சீட்டு, கரண்ட் மீட்டர், கல்யாணப் பத்திரிகை, பரீட்சை மார்க் என்று எதுவாகவும் இருக்கலாம். முகமாக மட்டும் இருக்காது. முன்பு ஜெராக்ஸ் செய்த வேலையைப் போட்டோ எடுத்துக்கொண்டது. நேற்று என் மருமகன் அனுப்பிய போட்டோவைத் திறந்தால் ஒரு தக்காளி. "இந்த ரகமா மாமா கேட்டீங்க?" என்று கீழே. தக்காளி நல்லாத்தான் விழுந்திருந்தது.

இத்தனை சொல்லிவிட்டு 'படம்' பற்றிச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. சினிமாவும் படம், சாமியும் படம். கோவில்பட்டிக்காரனுக்குச் சாமி வந்த வழியே வேறு. நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்த சி.கொண்டையராஜு, எங்கள் ஊரில் தங்கி, சீடர்களோடு ஆர்ட் ஸ்டூடியோ நடத்தினார். அவரும் சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் பக்கத்துச் சிவகாசியில் அச்சாகி, காலண்டராகத் தமிழ்நாடு முழுக்கச் சுவர் ஏறின. ஆக, ஸ்டூடியோ வழியாக வந்தாலும் சாமி போட்டோ ஆகவில்லை. படம்தான். கண்ணாடி போட்டு, சட்டம் போட்டு, பொட்டு வைத்த படம்.

மனிதர்களுக்கு இதில் ஒரு பிரமோஷன் இருக்கிறது. இருக்கிறவரைக்கும் போட்டோ. மாலை விழுந்துவிட்டால் படம். "அப்பா போட்டோ எங்க?" என்றால் ஏதோ படிவத்தில் ஒட்டத் தேடுகிறார்கள். "அப்பா படம் எங்க?" என்றால் பூக்காரர் வாசலில் நிற்கிறார். இந்தப் பிரமோஷனுக்கு விழாவே உண்டு: படத்திறப்பு. சட்டமன்றத்திலும் அதுதான் பேர். 2021 ஆகஸ்ட் 2-ல் கலைஞர் படத்தைக் குடியரசுத் தலைவரே வந்து திறந்து வைத்தார். எங்கள் பக்கத்து வீடுகளில் பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு முந்தி நடக்கும். பத்திரிகை அடிப்பார்கள், தலைமை, முன்னிலை, நன்றியுரை எல்லாம் இருக்கும்.

தாத்தா போனபோது எங்களிடம் இருந்த சிக்கல் ஒன்றே ஒன்று. அவர் தனியாக எந்தப் போட்டோவிலும் விழுந்ததில்லை. பரணிலிருந்து இரும்புப் பெட்டி இறக்கித் தேடியதில் ஒரு கல்யாணக் குரூப் போட்டோ கிடைத்தது. பின்வரிசையில் தாத்தா, வெறும் மேலில் துண்டு. அவர் தோளில் கை போட்டுக்கொண்டு அவருடைய தங்கச்சி மாப்பிள்ளை. அந்தப் போட்டோ எடுத்த கொஞ்ச நாளில் இரண்டு பேருக்கும் ஒரு பொதுக் கிணற்றுத் தண்ணீரில் தகராறு வந்து, பேச்சு வார்த்தை அறுந்து, கேஸ் கோர்ட்டில் இருந்தது.

ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் வந்த புதிது. அண்ணாச்சி மகன் உட்கார்ந்திருந்தான். குரூப்பிலிருந்து தாத்தாவை வெட்டி எடுத்தான். "வெறும் மேலோட வேண்டாம். கோட் போட்டுருவோம்" என்றான். ஒரே நொடியில் தாத்தாவுக்கு நீலக் கோட்டும் சிவப்பு டையும் வந்துவிட்டது. நெற்றியில் விபூதிப் பட்டை இருந்தது இருந்தபடியே. வேட்டிக்கு மேல் பனியன் போடுவதையே ஆடம்பரம் என்று நினைத்த மனுஷன், டெல்லிக்குக் கிளம்பிவிட்டார்.

எல்லாம் முடிந்த பிறகு சித்தப்பாதான் முதலில் பார்த்தார். கோட்டின் இடது தோளில் நாலு விரல். மோதிர விரலில் சிவப்புக் கல் மோதிரம்.

"ஏய், இது அவரு கையில்லா? எடுத்துரு."

பையன் ஒரு பக்கம் இழுத்தான், ஒரு பக்கம் தேய்த்தான். "விரலை எடுத்தா தோள் போயிருது சித்தப்பா."

"அப்ப கோட்டை மேல இழுத்துப் போடு."

"கோட்டை இழுத்தா கழுத்து போயிருது."

மறுநாள் காலையில் படத்திறப்பு. கழுத்தில்லாத தாத்தாவைவிடக் கூட நாலு விரலோடு இருக்கிற தாத்தா தேவலை என்று முடிவாயிற்று. மாலையைக் கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்த்துப் போட்டால் மறைந்துவிடும் என்று பெரியப்பா யோசனை சொன்னார்.

மாலையைப் படத்தைத் திறந்த பிறகுதானே போட முடியும்? அது யாருக்கும் உதிக்கவில்லை. அதைவிட, திறக்க வேண்டியவர் யார் என்பது இன்னும் பெரிய சங்கதி. உறவில் மூத்தவர் திறக்க வேண்டும். பெரியவர்கள் எல்லாம் கூடிப் பேசி, சாவில் போய்க் கோபம் எதற்கு என்று, தங்கச்சி மாப்பிள்ளையையே அழைத்துவிட்டார்கள். அவரும் வந்துவிட்டார்.

அவர் துணியை இழுத்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். தம் வலது கையைத் தூக்கி மோதிரத்தையும் பார்த்துக்கொண்டார். பட்டாசாலை முழுவதும் மூச்சுவிடவில்லை. அவர் மெல்ல மைக்கைப் பிடித்தார்.

"நானும் மச்சானும் பேசிக்கிடலன்னு ஊர்ல நாலு பேரு சொல்லுதாங்க. கோட்டு சூட்டு போட்டு நிக்கிற வரைக்கும் என் கை எங்க இருக்குன்னு எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க."

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. கிணற்றுக் கேஸ் மட்டும் அதன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் பந்தலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களில் போட்டோ விழாத அத்தையும் ஒருத்தி. ரிட்டையர்டு டீச்சர். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். "என் தோள்ல எவன் கையும் இருக்கக் கூடாதுல. இருக்கும்போதே நானே போய் எடுத்து வச்சிடுதேன்." அப்போதைக்கு முடிவு மட்டும்தான் எடுத்தாள். போட்டோ எடுக்கப் போனது போன வருஷம், பென்ஷனுக்காக உயிரோடு இருக்கிறாள் என்று சான்று கொடுக்கிற தாளில் ஒட்ட பாஸ்போர்ட் சைஸ் தேவைப்பட்டபோது. துணைக்கு நான். பட்டுப்புடவை, கல் வைத்த கம்மல், பழைய டைட்டன் வாட்ச். ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, "தாடையை இறக்குங்க டீச்சர், லேசா... லேசா" என்று அண்ணாச்சி மகன் சொல்லச் சொல்ல, அவனையே வகுப்பில் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்கிற பார்வை பார்த்தாள். கண் மூடவில்லை. திரையில் காட்டினான். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் விழுந்திருக்கு, என்ன?" என்று என்னைக் கேட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினாள். "இதுலயே பாஸ்போர்ட் சைஸ் எட்டு காப்பி போடு. சுவர்ல மாட்டுறதுக்குப் பெருசா ஒண்ணு, சட்டம் கண்ணாடியெல்லாம் போட்டு."

"ரெண்டும் என்னைக்கு வேணும் டீச்சர்?"

"பாஸ்போர்ட் சைஸ் இன்னைக்குச் சாயங்காலமே வேணும். பெருசு நீ மெதுவாக் குடு. அதுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."